கூரை பிரிக்கிறவன்

தேனிப் பஞ்சாயத்து போர்டிடம் ஒரு தீயணைப்பு வண்டி இருந்தது. வண்டி என்று சொல்வதே அதற்குக் கொடுக்கிற மரியாதைதான். மதுரையில் வேண்டாமென்று கழித்துப்போட்ட கைப்பம்பு அது. இரண்டு சக்கரம், இரண்டு பக்கமும் நீளமான கைப்பிடி. ஒரு குழாயைக் கிணற்றில் இறக்கிவிட்டு, பக்கத்துக்கு இரண்டு ஆள் நின்று மாற்றி மாற்றி அழுத்தினால் மறுகுழாயில் தண்ணீர் வரும். அழுத்துகிறவனுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். இழுப்பதற்கு மாடு கேட்டபோது, "நீங்கள்லாம் எதுக்கு இருக்கீக?" என்று ஆபீசில் கேட்டுவிட்டார்கள். அதனால் ஆட்களே இழுத்தார்கள்.

தீப்பிடிக்காத நாளிலாவது சும்மா உட்காரவிடுவார்களா? பருத்திச் சந்தையில் புழுதி கிளம்பாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். தெருவிளக்குகளுக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும். ஊர் மேய்கிற மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைத்துவிட்டு மாட்டுக்காரனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் சேர்த்து நாலைந்து பேர்தான். அவர்களுக்கு மேஸ்திரி ஒச்சாண்டி.

ஒச்சாண்டியை ஊருக்குள் யாருக்கும் பிடிக்காது. காரணம் அவனுடைய தொழில். தண்ணீரைப் பீய்ச்சித் தீயை அணைத்துவிடலாம் என்பது மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் நினைப்பு. கூரை வீட்டில் பிடித்த தீயைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. அதற்குத் தீனி கிடைக்காமல் பண்ண வேண்டும். எரிகிற வீட்டை விட்டுவிடு. அடுத்த வீட்டையும் விட்டுவிடு. அதற்கும் அப்பால், நெருப்பு இன்னும் தொடாத வீடு ஒன்று சௌக்கியமாக நிற்கும் பார், அதன் முகட்டில் கயிற்றைப் போட்டு இழுத்து, கூரையைப் பிரித்து, சுவரைத் தள்ளித் தரைமட்டமாக்கு. வந்த தீ அங்கே வந்து, தின்ன ஒன்றுமில்லாமல் செத்துப்போகும். ஒச்சாண்டி இதைத்தான் செய்தான். இதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆனால் வீட்டுக்காரன் ஒத்துக்கொள்வானா? தீ நின்ற பிறகு வந்து சட்டையைப் பிடிப்பான். "என் வீட்டுக்குத்தான் தீயே வரலையே, எதுக்குடா பிரிச்ச?" என்பான். வீட்டைப் பிரித்ததால்தான் வரவில்லை என்று அவனுக்கு எப்படி நிரூபிப்பது? போன பங்குனியில் ஒரு தெருவையே காப்பாற்றிக் கொடுத்ததற்குக் கூலியாக ஒச்சாண்டியின் முன்பற்கள் போயின. உலக்கையால் குத்தியவன் வீட்டுக்காரன். வேடிக்கை பார்த்தவர்கள் அவன் காப்பாற்றிய தெருக்காரர்கள். அன்றிலிருந்து கூரை இழுக்கிற துரட்டிக் கம்பைத் தீக்கென்று மட்டும் அவன் எடுத்துப்போவதில்லை. மனிதர்களுக்கும் சேர்த்துத்தான் எடுத்துப்போனான்.

இப்படி ஊரெல்லாம் பகை தேடிக்கொண்டவனுக்கு வீட்டில் ஒரே ஒரு ஆசைதான். அவன் மனைவி சுப்புத்தாய்க்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது இந்த ஆடி மாதம் பிறந்தது. ஆண் பிள்ளை. நன்றாக அழுகிறது, பால் குடிக்கிறது என்று தெருக்காரி ஜக்கம்மா வந்து சொன்னாள். ஒச்சாண்டி இன்னும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது.

அவர்கள் தெருவின் வழக்கம் அது. தெருவின் கீழ்க்கோடியில், வாய்க்காலை ஒட்டி ஒரு முட்டுக்குடிசை உண்டு. மாதவிலக்கான பெண்ணும் பிள்ளை பெற்ற பெண்ணும் தீட்டுக் கழிகிறவரை அங்கேதான் கிடக்க வேண்டும். ஆண்பிள்ளை அதன் பக்கம் முகத்தைத் திருப்பக்கூட மாட்டான். சோறு கொண்டுபோகிறவள் தட்டை வெளியே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். உள்ளே போய்த் தொட்டுவிட்டால் அன்றைக்கு அவள் கை எதற்கும் ஆகாது. அடுப்பைத் தொடக் கூடாது, கிணற்றைத் தொடக் கூடாது, தானியக் குலுக்கையில் கிடக்கிற விதையைத் தொடக் கூடாது. குடிசை யாருக்கும் சொந்தமில்லை. சொந்தமில்லாததால் கூரை மாற்றவும் ஆளில்லை. மக்கிப்போன சோளத்தட்டையும் ஓலையுமாகக் கிடந்தது. ஒச்சாண்டி வேலை முடிந்து வந்ததும் வாய்க்காலின் எதிர்க்கரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பிள்ளை அழுகிற சத்தத்தைக் கேட்பான். கேட்டுவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு எழுந்து போவான். பல்லில்லாத அந்தச் சிரிப்பை அவனோடு பம்பு அழுத்துகிற பேச்சிமுத்து கேலி பண்ணாத நாளில்லை.

வெள்ளைக்காரன் உலகச் சண்டைக்கென்று போடி ரயில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போன வருஷம் அது. அதில் ஒரு துண்டைப் போர்டு ஆபீஸ் வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தீ என்றால் அதை அடிப்பார்கள். ஆடிக் காற்று மலைக்கணவாயிலிருந்து இறங்கி, ஆளைத் தள்ளுகிற வேகத்தில் வீசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஒச்சாண்டியின் ஆட்கள் சந்தையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்போது தண்டவாளம் சத்தம் போட்டது. புகை எழும்பிய திசையை ஒச்சாண்டி பார்த்தான். அவனுடைய தெரு.

வண்டியை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். போய்ச் சேர்ந்தபோது மேலக்கோடியில் பல வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. ஒச்சாண்டியின் வீடும் அதில் ஒன்று. முகட்டு வளை முறிந்து உள்ளே விழுவதைக் கண்ணால் பார்த்தான். நிற்கவில்லை. பெண்கள் குலுக்கைகளை உடைத்துத் தானியத்தைச் சேலையில் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். முதுகில் தீப்பிடித்த பசுமாடு ஒன்று கதறிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஒருவனை மிதித்துப் போட்டுவிட்டுப் போனது. அவன் விலா நொறுங்கிக் கிடந்தான். யாரும் தூக்கவில்லை. அவரவர் பாடு அவரவருக்கு.

காற்று மேற்கேயிருந்து கிழக்கே அடித்தது. வரிசையாக வீடுகள், கடைசியில் தெருவிலேயே வசதியான அழகரின் பெரிய வீடு, வீட்டுக்குப் பின்னால் அவருடைய வைக்கோல்படப்பு, அதற்கப்பால் கொஞ்சம் வெற்றிடம், பிறகு முட்டுக்குடிசை. ஒச்சாண்டி ஒரு பார்வையில் கணக்குப் போட்டுவிட்டான். இந்தக் காற்றுக்கு நடுவில் இருக்கிற வீடுகள் எதுவும் மிஞ்சாது. பிரிக்க வேண்டியது அழகர் வீடு. அதைப் பிரித்து, படப்பை நனைத்துவிட்டால் தீ அதோடு நின்றுவிடும். குடிசைக்குப் போகாது.

அழகர் வீட்டருகில் இருந்த பொதுக்கிணற்றில் குழாயை இறக்கினார்கள். தண்ணீர்க் குழாயைப் பிடிப்பவன் ரசூல். உத்தமபாளையத்துக்காரன், ஒச்சாண்டியைவிட மூத்தவன், எத்தனையோ தீயில் அவனோடு நின்றவன். அவன் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டே கேட்டான்.

"மாப்ள, தங்கச்சி அங்கன கெடக்கே. நான் ஓடிப்போயித் தூக்கியாந்துரவா? எங்களுக்கு இந்தத் தீட்டுக் கீட்டெல்லாம் கெடையாது."

"ஒன்ன அனுப்பிட்டா கொழாய யாரு பிடிக்கிறது?" என்றான் ஒச்சாண்டி.

சொன்னது பாதிதான். மீதி மனசுக்குள் ஓடியது. பிள்ளை பெற்று அரைகுறைத் துணியோடு கிடக்கிறவளை இன்னொருத்தன் தூக்கிக்கொண்டு தெரு வழியாக வந்தால் இந்தத் தெரு வாய் என்னவெல்லாம் பேசும்? தீ இப்போது அணைந்துவிடும். பேச்சு அணையுமா? தானே போகலாமென்றால், போய்த் தொட்ட கையைக் கிணற்றுப் பக்கம் வரவிடமாட்டார்கள். குழாயைப் பிடுங்கி எறிவார்கள். தெரு முழுக்க எரிந்துபோகும்.

"அழகர் வீட்ட மொதல்ல பிரிச்சுப்புடுவோம். சுப்புத்தாயி பாட்டுக்கு அங்கன பத்திரமாக் கெடக்கும்," என்றான்.

ஜக்கம்மா விதைக் கேழ்வரகு மூட்டையை இழுத்துக்கொண்டு எதிரே வந்தாள். தினமும் சுப்புத்தாய்க்குக் கஞ்சி கொண்டுபோகிறவள் அவள்தான். ஒச்சாண்டி அவளை மறித்தான்.

"சுப்புத்தாயிய வாய்க்காப் பக்கம் கூட்டிப் போயிரு ஆத்தா."

"நேத்துலருந்து காச்சலு. அவளால எந்திரிச்சு நிக்கவே முடியலய்யா. தூக்கணும்."

"தூக்கு."

ஜக்கம்மா மூட்டையைப் பார்த்தாள். எரிகிற தன் வீட்டைப் பார்த்தாள். உள்ளே இன்னும் மூட்டைகள் இருந்தன.

"அவளத் தொட்டுட்டு என் வெதைய எந்தக் கையால தொடுவேன்? மழைக்கு எத வெதைப்பேன்?" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே மூட்டையை இழுத்துக்கொண்டு போனாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன பண்ண? அந்தத் தெருவில் அப்போது சும்மா இருந்த கை ஒன்றுகூட இல்லை.

அழகர் வாசலில் அரிவாளோடு நின்றார். பக்கத்தில் அவருடைய தம்பிமார் இரண்டு பேர், கையில் கம்பு. தை மாதம்தான் அந்த வீட்டுக்குப் புதுக்கூரை வேய்ந்திருந்தார்கள்.

"கயித்தப் போட்ட, கைய வெட்டிப்புடுவேன்," என்றார்.

"அண்ணே, நாலு வீட்டுக்கு அங்கிட்டு வந்துருச்சு. பிரிக்கலைன்னா ஒங்க வீடும் போகும், படப்பும் போகும்."

"போனாப் போகுது. நெருப்பு தின்னுட்டுப் போகட்டும். நீ யாரு திங்கிறதுக்கு?"

தம்பிகளில் ஒருவன் கிழக்கே கையைக் காட்டினான். "அந்தா கெடக்கு முட்டுக்குடிசை. அதப் பிரி. எவனும் கேக்கமாட்டான்."

"அதப் பிரிச்சு என்ன செய்ய? தீ அதுக்கு இங்கிட்டே ஒங்க வீட்டையும் படப்பையும் தின்னுபுடுமே."

"தெரியும்டா," என்றார் அழகர். "ஒம்பொண்டாட்டி அங்கன கெடக்கான்னுதான என் வீட்டப் பிரிக்க வந்துருக்க?"

பொய் என்று ஒச்சாண்டியால் சொல்ல முடியவில்லை. அவள் அங்கே இல்லாமலிருந்தாலும் இந்த வீட்டைத்தான் பிரித்திருப்பான். ஆனால் அவள் அங்கேதானே இருந்தாள்? அந்தக் கோபமெல்லாம் கைக்கு வந்தது. துரட்டிக் கம்பைத் திருப்பி அடிப்பக்கத்தால் அழகரின் மணிக்கட்டில் போட்டான். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அரிவாள் விழுந்தது.

அப்புறம் நடந்ததை அடிதடி என்று சொல்வது போதாது. தம்பிகள் இரண்டு பேரும் பாய்ந்தார்கள். ஒருவன் கம்பு ஒச்சாண்டியின் காதோரம் இறங்கி ரத்தம் சட்டைக்குள் ஓடியது. இன்னொருவன் விழுந்த அரிவாளை எடுத்து வீசியது குறுக்கே வந்த பேச்சிமுத்துவின் தோளைக் கிழித்தது. பேச்சிமுத்து தோளைப் பொத்திக்கொண்டு வெட்டியவன் வயிற்றில் எட்டி உதைத்தான். தெருக்காரர்கள் கல்லெடுத்தார்கள். நல்லவேளை, பாதிப் பேர் அழகரை அடித்தார்கள், பாதிப் பேர் ஒச்சாண்டியை அடித்தார்கள். பம்பு அழுத்தியவர்கள் கைப்பிடியை விட்டுவிட்டு ஓடிவந்து கலந்துகொண்டார்கள். ரசூல் கையிலிருந்த குழாயில் தண்ணீர் நின்றுபோனது. "ஏலே, அழுத்துங்கடா, அழுத்துங்கடா" என்று அவன் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

ஒச்சாண்டி ஒருவனைக் கீழே போட்டு முழங்காலால் அவன் கழுத்தை அமுக்கிக்கொண்டே முகட்டில் கயிறு போடச் சொன்னான். கயிறு விழுந்தது. அதற்குள் நெருப்பு அடுத்த வீட்டுக்கு வந்துவிட்டதைப் பார்த்து, கல்லெறிந்தவர்களே கயிற்றைப் பிடித்தார்கள். பயம் வந்தால்தான் புத்தி வருகிறது, என்ன செய்ய? இழுத்த இழுப்பில் புதுக்கூரை முழுசாகச் சரிந்து வந்தது. மண்சுவரை உதைத்துத் தள்ளினார்கள். அழகர் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்து, பெண்பிள்ளை மாதிரி ஓலமிட்டு அழுதார். தீ அங்கே வந்து, வெறும் மண்ணை நக்கிவிட்டு, நின்றது.

ஒச்சாண்டி மூச்சு வாங்கினான். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தான்.

ஆனால் படப்பை யார் நனைத்தார்கள்? எல்லாரும் முன்வாசலில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் பின்னால் ஒரு பொறி விழுந்து வைக்கோல்படப்பு பற்றியிருந்தது. காற்று அதைக் கை நிறைய அள்ளி அள்ளிக் கிழக்கே வீசியது. வெற்றிடமெல்லாம் அந்தக் காற்றுக்கு ஒரு தடையா? எரிகிற வைக்கோல் பறந்துபோய் முட்டுக்குடிசைக் கூரையில் விழுவதை ஒச்சாண்டி பார்த்தான்.

ஓடினான். காலில் கிடந்ததையெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடினான். போய்ச் சேர்வதற்குள் கூரையின் மேல்பக்கம் முழுக்கப் பற்றிவிட்டது. குடிசைக்கு ஒரே வாசல், வாய்க்காலைப் பார்த்து. குனிந்துதான் போக முடியும். கதவில்லை, ஒரு சாக்குத்துணி தொங்கியது. உள்ளே பிள்ளை இருமி இருமி அழுதது. இத்தனை நாள் எதிர்க்கரையில் முதுகைக் காட்டிக் கேட்ட அதே அழுகை, இப்போது கைக்கெட்டுகிற தூரத்தில்.

"சுப்புத்தாயி."

"வந்துட்டியாய்யா? உள்ள வா. என்னால எந்திரிக்க முடியல."

ஒச்சாண்டி சாக்கை விலக்கினான். அங்கேயே நின்றான்.

இதைச் சொல்லும்போது நமக்கே வயிறு எரிகிறது. கொளுத்திப்போட்ட, பருத்தி மூட்டை அடுக்கிய கிட்டங்கிக்குள் வயிற்றால் ஊர்ந்து போனவன் அவன். எரிகிற மாட்டுக்கொட்டிலுக்குள் புகுந்து, கண்ட கண்டவன் மாட்டையெல்லாம் அவிழ்த்துவிட்டு வந்தவன். எந்த வாசலிலும் அனுமதி கேட்டவனில்லை. இந்த வாசலில் நின்றான். நெருப்புக்குப் பயந்தா நின்றான்? இல்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் திரும்பக்கூடாது என்று வளர்ந்த உடம்பு. மனசு போ என்றது. கால் எழவில்லை.

"புள்ளய முன்னால தள்ளு. அப்படியே தவந்து வா. வாசல் வரைக்கும் வா, பிடிச்சுக்கிறேன்," என்றான்.

"முடியலய்யா. பொக அடைக்குது. உள்ள வா."

"கொஞ்சம் நகந்து வா சுப்புத்தாயி."

"உள்ள வாய்யா."

குனிந்தான். நிலையைப் பிடித்தான். மறுபடியும் நின்றான். பிள்ளையின் அழுகை நின்றுபோனது.

பின்னாலிருந்து ஒரு கை அவன் பிடரியைப் பிடித்துப் பக்கத்தில் தள்ளியது. ரசூல் ஈரச் சாக்கை மண்டையில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தான். நுழைந்த கொஞ்ச நேரத்தில் மக்கிய முகடு முறிந்து கூரை மொத்தமும் உள்ளே விழுந்தது. ஒச்சாண்டி அப்போதுதான் கத்தினான். கத்திக்கொண்டே எரிகிற ஓலையை வெறுங்கையால் பிய்த்துப் பிய்த்து வெளியே எறிந்தான். இப்போது கை வந்தது, கால் வந்தது, எல்லாம் வந்தது. பேச்சிமுத்து கிழிந்த தோளோடு வந்து துரட்டியால் சுவரை இடித்தான். சுவர் விழுந்த வழியாக ரசூல் வெளியே வந்தான். தாடியும் சட்டையும் எரிந்துகொண்டிருந்தன. பிள்ளையை இறுக்கிக்கொண்டிருந்த சுப்புத்தாயை இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து இழுத்துவந்து வாய்க்கால் தண்ணீரில் போட்டுவிட்டுத் தானும் விழுந்தான்.

அவள் பிழைத்தாள். தலைமுடி கருகிப்போய், முதுகுத் தோல் சேலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளையைத் தனக்கு அடியில் வைத்து மூடிக் கவிழ்ந்து கிடந்திருக்கிறாள். அதனால் பிள்ளை மேல் ஒரு பொறிகூடப் படவில்லை. புகை மட்டும் போதுமாக இருந்தது.

தெருக்காரர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். ஜக்கம்மா மட்டும் வந்தாள். வந்து, யாரையும் பார்க்காமல் தண்ணீரில் இறங்கி, சுப்புத்தாயைக் கரையில் ஏற்றி, அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இதை முன்னாலேயே செய்திருக்கலாம் என்று அவளுக்கும் தெரியும். மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சுப்புத்தாய் அழவில்லை. பிள்ளையைச் சுற்றிய துணிச்சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். ஒச்சாண்டி மண்டியிட்டு வந்தான். கைகள் இரண்டும் வெந்து கொப்புளித்திருந்தன. நீட்டினான்.

"குடு சுப்புத்தாயி. ஒருக்காப் பாத்துக்கிறேன்."

அவள் அவனைப் பார்த்தாள். புகையில் சிவந்துபோன கண்.

"எவன் எவன் வீட்டுக்குள்ளயோ போவ," என்றாள்.

ஒச்சாண்டி நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரசூலைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, புள்ளய நீங்களே கொண்டுபோயிப் பொதச்சிருங்க. இவுக தொட வேணாம். இவுக இங்கனயே நிக்கட்டும்."

"தாயி, பெத்தவன் அவன்."

"கொண்டு போங்கண்ணே."

ரசூல் ஒச்சாண்டியைப் பார்த்தான். ஒச்சாண்டி தலையைக் குனிந்துகொண்டான். ரசூல் பிள்ளையை வாங்கித் தோளில் சாய்த்து, தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப்போகிற மாதிரி வாய்க்கால் கரையோடு மெதுவாக நடந்தான். பேச்சிமுத்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனான்.

ஒச்சாண்டி எழுந்து இரண்டு எட்டு வைத்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குமேல் அவனால் போக முடியவில்லை. நின்ற இடத்திலிருந்து ரசூலின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. தன் பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்று அவனுக்குத் தெரியாமலே போனது.